பெப்ரவரிக் குளிரில் திரைந்த பால்

காலை வேலை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தேன். முதல் நாள் சமைத்து வைத்த கோழிக்கறியைக் காணவில்லை. பாலும் கரட்டும் வெண்டிக்காயும் இருந்தன. என் சட்டி கழுவித் துடைத்து மேடையில் கவிழ்த்திருந்தது. கறி குப்பைவாளிக்குள் தேயிலைச் சக்கைக்கு மேல் கிடந்தது. லண்டனுக்கு வந்த நான்கு வருடத்தில் ஐந்து வீடுகளில் இருந்திருக்கிறேன். கறியைத் திருடித் தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தின்னாமல் கொட்டிவிட்டுச் சட்டியையும் கழுவி வைத்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்காரி பிரமீளா கையில் ரப்பர் கையுறையோடு வந்து நின்றார்.

"இண்டைக்குக் கொடி ஏறியிட்டுது, தம்பி. பத்து நாளும் இந்த வீட்டுக்கை செத்தது ஒண்டும் வரக்கூடாது."

"நான் விரதமில்லையே, அக்கா."

"நீ இல்லை. வீடு விரதம்."

இந்த உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆங்கிலம் வேலைத்தலத்தில் பொறுக்கியது. அவர்களுடையது பிரெஞ்சு வாடை அடிப்பது. எனக்கு விளங்கியதை என் தமிழில் எழுதுகிறேன். அந்த வீட்டில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். ஆனால் தைப்பூசத்துக்குப் பத்து நாள் வீடே விரதம் இருக்கும் தமிழரை நான் முன்பின் கண்டதில்லை.

அவர்கள் மொரிசியஸ்காரர். மடகாஸ்கருக்குக் கிழக்கே கரும்பும் சூறாவளியும் விளைகிற ஒரு சின்னத் தீவு. ஐந்தாறு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் இறக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். பிரமீளாவின் புருசன் பெயர் லெச்சுமனென். லட்சுமணன் என்ற பெயரைப் பிரெஞ்சுக்காரன் எழுதினால் அப்படித்தான் வருமாம். பஸ் டிப்போவில் மெக்கானிக். கவுன்சிலில் வாங்கிய வீடு, தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. வீட்டுக்குள் பேசுவது கிரியோல். சாமியறையில் பாடுவது தமிழ்ப் பதிகம், ஆனால் ரோமன் எழுத்தில் எழுதிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்த தாளைப் பார்த்து. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. கண்ணில் தண்ணீர் மட்டும் வரும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கும் பாதி அர்த்தம் தெரியாது. ஆனால் என் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை.

என்னோடு அலுவலகக் கட்டிடங்களைத் துடைக்கும் ஞானம் அண்ணை, கரவெட்டிக்காரர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "என்னடா, உன்ரை வீட்டுக்காரர் முருகனுக்குப் பிரெஞ்சிலை அர்ச்சனை செய்யினமாமே? முருகனுக்கு விளங்குமோ?"

"விளங்குது போலைதான் கிடக்கு, அண்ணை. சொந்த வீடு வைச்சிருக்கினம். நாங்கள் சுத்தத் தமிழிலை கேட்டுக் கேட்டு வாடகைக்கு இருக்கிறம்."

"வாய் காட்டாதை. மொப்பைப் பிழி."

விரதம் இல்லாத நாட்களில் அந்த வீட்டைப் போல் ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள். கராஜைத் திறந்து காரை வெளியே விடுவார்கள். பருப்பை அரைத்து உள்ளே வைத்துத் தட்டிய மெல்லிய ரொட்டி, மிளகாய் வடை, ரம். லெச்சுமனென் ரவான் என்ற ஆட்டுத்தோல் மேளத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வருவார். லண்டன் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். காஸ் அடுப்பைப் பற்றவைத்து அதற்கு மேல் மேளத்தை அப்பம் திருப்புவது போலத் திருப்புவார். அங்கே கடற்கரையில் கரும்புச் சோகையைக் கொளுத்திக் காய்ச்சுவார்களாம். தோல் முறுகியதும் விரலால் ஒரு தட்டு. அந்தச் சத்தத்துக்குக் கராஜில் இருக்கும் கிழவிகூட எழும்பிவிடுவாள். அகலப் பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். சேகா என்று பெயர். இடுப்பும் தோளும் ஆடும், கால் மட்டும் நிலத்தை விட்டு எழும்பாது, தேய்த்துத் தேய்த்துத்தான் நகரும். "சங்கிலி போட்ட கால் எழும்புமோ?" என்று லெச்சுமனென் கேட்டார். முதலில் ஆடியவர்கள் ஆபிரிக்க அடிமைகள். பிறகு வந்த தமிழனும் அதையே பழகிக்கொண்டான்.

எங்கள் ஆட்களின் கொண்டாட்டமும் எனக்குத் தெரியும். மண்டபம் எடுப்போம். கதிரைகளை வரிசையாகப் போடுவோம். பெண்கள் முன்னால் இருந்து ஒருவருக்கொருவர் சேலையை விலை மதிப்பார்கள். ஆண்கள் கார் பார்க்கில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு குடிப்பார்கள். மேடையில் ஒருவர் தாய்நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். ஆடுவது பிள்ளைகள் மட்டும், அதுவும் மார்க் போடுவதற்கு. கராஜ் மூலையில் ரம் கிளாசோடு நின்று, எனக்கு ஏன் அந்தத் தீவில் பிறக்க வாய்க்கவில்லை என்று ஒருநாள் நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பு நெடுநாள் நிற்கவில்லை.

ஆட்டத்தில் எல்லாரையும் விட நன்றாக ஆடுகிறவர் சரோஜா அக்கா. லெச்சுமனெனின் தம்பி மனைவி. தம்பியைக் கரும்பு ஏற்றிய லொறி அடித்துக் கொன்றுவிட்டது. லெச்சுமனென்தான் கையெழுத்துப் போட்டு லண்டனுக்குக் கூப்பிட்டுத் தன் வீட்டில் வைத்திருந்தவர். கெயர் ஹோம் ஒன்றில் கிழடுகளுக்குச் சாப்பாடு தீத்துவதும் துடைப்பதும் அவர் வேலை. அவர் ஆடும்போது பிரமீளா ஆட்டத்தைப் பார்க்கமாட்டார். ஆட்டத்தைப் பார்க்கிற லெச்சுமனெனைப் பார்ப்பார்.

சரோஜாவுக்கு நீலா என்று ஒன்பது வயதில் ஒரு மகள். தீவில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார். பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால் லெச்சுமனென் மறுபடி கையெழுத்துப் போடவேண்டும், வீட்டில் ஓர் அறை காட்டவேண்டும். லெச்சுமனென் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். ஒரு வருடமாகக் கேட்டதற்குப் பிரமீளா கடைசியில் ஒரு வழி சொன்னார்: பூசத்துக்குப் பால்குடம் எடு. முருகன் ஏற்றுக்கொண்டால் பிள்ளை வரட்டும்.

காட்டவேண்டிய அறை என் அறைதான். மாடியில் கழிவறைக்குப் பக்கத்துப் பொக்ஸ் ரூம். கட்டிலில் இருந்து காலை நீட்டினால் சுவரில் படும். கொடி ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன் சரோஜா கதவைத் தட்டி வந்து, தன் கழுத்துச் சால்வையால் சுவரை அளந்தார். ஒரு சால்வையும் அரைச் சாணும்.

"சின்னக் கட்டில் போடலாம். யன்னலுக்குச் சீலை வாங்கியிட்டன். மஞ்சள் சீலை, மீன் போட்டது. உனக்குக் கோவமில்லையே, தம்பி?"

"எனக்கென்ன, அக்கா. லண்டனிலை அறைக்குப் பஞ்சமோ?"

பொய். என் அகதி வழக்கு இரண்டு முறை தள்ளுபடியாகி மூன்றாவது அப்பீலில் நின்றது. கடிதங்கள் அந்த விலாசத்துக்குத்தான் வந்தன. முந்தின வீட்டில் இருந்து மாறியபோது ஒரு கடிதம் தவறி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் சால்வையால் சுவரை அளக்கிற ஒருத்தியிடம் வேறு என்ன சொல்வது?

இனிப் பாலின் கதை. மொரிசியஸ் தமிழருக்குக் காவடி என்றால் முள்ளும் செடில் கொக்கியும் மட்டுமில்லை, பால்தான் பரீட்சை. செம்பில் பாலை ஊற்றி வாழையிலையால் வாயைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். அவர்கள் அதை 'சாம்போ' என்பார்கள். அது எங்கள் செம்புதான், கப்பலில் போய் அலையில் அடிபட்டு வந்திருக்கிறது. அங்கே தைப்பூசம் கொடும் வெயில் காலம். தார் ரோட்டில் மணிக்கணக்காக நடந்து கோயிலுக்குப் போய் இலையை அவிழ்த்தால் பால் பாலாகவே இருக்கவேண்டும். திரைந்திருந்தால் விரதத்தில் குற்றம். எங்கேயோ இறைச்சி பட்டிருக்கிறது, அல்லது எவனோ பட்டிருக்கிறான். ஊரே அதைப் பார்க்கும், ஊரே அதைப் பேசும்.

லண்டனில் தைப்பூசம் பனிக்காலம். பாலை வாசலில் வைத்தாலும் பிரிட்ஜில் வைத்தது போலத்தான். அதனால் இந்த ஊரில் காவடி தொடங்கிய நாளிலிருந்து ஒருவருக்கும் பால் திரைந்ததில்லை. அங்கேயென்றால் வெயிலைச் சாட்டித் தப்பலாம். இங்கே சாட்டுவதற்கு வெயில் இல்லை. இதைக் கராஜில் ஒரு கிழவி பகிடியாகச் சொன்னார்: "லண்டன் முருகன் நல்லவன். எல்லாரையும் பாஸ் பண்ணிப்போடுவான்."

பூசத்துக்கு முதல் நாள் மதியம். சாமியறைத் தட்டில் பிரமீளாவுடையதும் சொந்தக்காரப் பெண்களுடையதுமாக ஐந்து செம்புகள் இருந்தன. அவற்றில் நான்கு, கடையில் வாங்கிய பொலிஷ் போட்டு மின்னின. ஐந்தாவது சரோஜாவுடையது, தீவில் இருந்து கொண்டுவந்த பழைய பித்தளை, கழுத்துக் குறுகியது, களிம்பேறிக் கறுத்துப்போய்க் கிடந்தது. "இந்தச் செம்போடையோ முருகனிட்டைப் போகப்போறாய்?" என்று காலையில் பிரமீளா மற்றப் பெண்களுக்கு முன்னால் கேட்டாராம். பூசத்தன்று லீவு எடுப்பதற்காகச் சரோஜா அன்று இரண்டு ஷிப்டையும் சேர்த்துச் செய்தார். துலக்க நேரமில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் வேலை முடிந்து வரும் வழியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பொரித்த கோழி தின்றுவிட்டு வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. அந்தச் செம்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எனக்குப் படிப்பு வராது, பாத்திரம் துலக்க வரும். பதினாறு வயதில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சைவக்கடையில் ஒன்றரை வருடம் துலக்கியிருக்கிறேன். பித்தளைக்குப் பழப்புளிதான். தமிழ்க் கடையில் வாங்கிய புளியில் ஒரு உருண்டையைக் கிள்ளி, உப்பைச் சேர்த்துத் தேய்த்தேன். கறுப்பு இளகி ஓடியது. உள்ளே கை போகவில்லை. புளியைக் கரைத்து ஊற்றி, கரண்டிக் காம்பில் துணி சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றினேன். இருபது நிமிடத்தில் செம்பு பொன்னாகிவிட்டது. மற்ற நான்கும் அதற்குப் பக்கத்தில் தகரம் போல நின்றன. எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் செய்து எனக்குச் சந்தோசம் வந்தது.

ஒரு தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். இரண்டாம் தண்ணீர் ஊற்றுவதற்குள் வாசல் கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது. கோழி தின்ற வாயோடு, குளிக்காமல், விரதச் செம்பைத் தொட்டவன் நான். செம்பைத் துடைத்தும் துடையாமலும் தட்டில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

இரவு சரோஜா வேலையால் வந்து செம்பைக் கண்டதும் போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. இறங்கி வந்து பார்த்தேன். பிரமீளாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "நீங்கள் எனக்காகத் துலக்கியிருக்கிறியள், அக்கா. உங்களைப் பற்றி நான் மனதிலை எவ்வளவு பிழையா நினைச்சன்!" பிரமீளா அவர் தோளுக்கு மேலால் செம்பைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு சரோஜாவின் முதுகைத் தட்டி, "முருகனுக்குத்தானே," என்றார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அப்போது அது எனக்கு ஒரு நல்ல காரியமாகப் பட்டது.

பூசத்தன்று காலை ஒரு மண்டபத்தில் கூடி, பாலைக் காய்ச்சி இளஞ்சூட்டில் செம்புகளில் ஊற்றி இலை கட்டினார்கள். பெண்கள் எல்லாரும் கடும் ரோசாப்பூ நிறத்தில் உடுத்திருந்தார்கள். லண்டனில் அந்த மாதத்தில் வானம், ரோடு, வீடு, கோட்டு எல்லாமே ஒரு சாம்பல் நிறம். அதற்குள் அந்த நிறம் காயம்பட்ட இடம் போலத் தெரிந்தது. ஆண்கள் முதுகில் தேசிக்காய்களைக் கொழுவி, சிலர் ஆணி அடித்த பாதக்கட்டையில் ஏறி நடந்தார்கள். காவடிகளில் தென்னோலைக்குப் பதில் எங்கேயோ வெட்டிய பச்சைக் குழை. சரோஜா நாக்கில் சின்ன வேல் குத்தி மௌன விரதம் எடுத்திருந்தார். கோயில் சேர்ந்து வேலை எடுக்கும் வரை பேசக்கூடாது.

ஒரு மைல் நடை. வெறுங்கால். நடைபாதையில் உப்புப் போட்டிருந்தார்கள், ஐஸ் உருகுவதற்கு. அது வெடித்த காலில் எரியும். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி சரோஜாவின் நாக்கைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். "யார் இவளுக்கு இதைச் செய்தது? அவள் சம்மதித்தாளா?" நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஓகே, ஓகே, ஷி ஹாப்பி. ஃபோர் ஹெர் டாட்டர்," என்றேன். கிழவிக்கு முகம் வெளிறிவிட்டது. "மகளுக்கும் செய்யப் போகிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டு பொலீசுக்கு போன் பண்ணத் தொடங்கினார். லெச்சுமனென் வந்து விளக்கிச் சமாளித்தார்.

கோயிலில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். பட்டு வேட்டி, வீடியோக் கமரா. "உவையள் ஆர்? ஆபிரிக்காவோ?" என்று ஒருவர் கேட்டார். "மொரிசியஸ். தமிழ் ஆக்கள்தான்," என்றேன். "தமிழ் தெரியாத தமிழரோ? நல்ல விளையாட்டு," என்று சிரித்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார். ஞானம் அண்ணையும் அந்தக் கூட்டத்தில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

செம்புகளை ஒவ்வொன்றாக ஐயர் வாங்கி இலையை அவிழ்த்து வேலுக்கு ஊற்றினார். ஒவ்வொன்றுக்கும் "வேல் வேல்" என்று சத்தம். நான்காவது பிரமீளாவுடையது. ஐந்தாவது சரோஜாவுடையது. ஐயர் சரித்ததும் முதலில் மஞ்சள் தண்ணீர் வந்தது. பிறகு கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு கட்டி வேலின் இலையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். கொட்டாஞ்சேனைக் கடையில் ஒருநாள் அப்படித்தான் தேத்தண்ணிக்குக் காய்ச்சிய பால் முழுக்கத் திரைந்தது. முதலாளி அண்டாவுக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "புளி கழுவேல்லை, நாயே," என்று சுடு அகப்பையால் என் முன்கையில் போட்டார். அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. கோயிலில் நின்றுகொண்டு கோட்டுக் கைக்கு மேலால் அதைத் தடவினேன்.

ஐயர் எங்கள் ஊர்க்காரர். அவருக்கு இது ஒரு பெரிய விசயமாகப் படவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "பால் பழுதாப் போறது வழமைதானே, தம்பி. செம்பிலை ஏதும் இருந்திருக்கும். வேறை பால் இருந்தாத் தரச் சொல்லுங்கோ."

"என்ன சொல்றார்?" என்று லெச்சுமனென் என்னைக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செம்போடு வந்தவர்களுக்குள் தமிழ் விளங்கியவன் நான் ஒருவன்தான்.

"வேறை பால் கேக்கிறார்," என்றேன்.

அது பொய்யில்லை. மிச்சத்தை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

பின்னால் பெண்கள் கிரியோலில் பேசத் தொடங்கினார்கள். "பெப்ரவரியிலை!" என்று ஒருத்தி சொன்னதும், மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு "இந்தக் குளிரிலை!" என்றதும் எனக்கு விளங்கியது. சரோஜா நாக்கில் வேலோடு நின்றார். பேச முடியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாய்க்கரையால் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. அவருக்கு எதிராக அத்தனை பேரும் பேசி முடித்த பிறகுதான் வேலை உருவி நாக்கில் விபூதி வைத்தார்கள்.

அவர் மறுக்கவில்லை. எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. நின்றிருந்த நேரம் முழுக்கத் தன்னையே சோதனை போட்டு ஒரு குற்றத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தார். வீங்கிய நாக்கால் சொன்னார்: "ஒரு கிழவருக்குச் சூப் தீத்தினன். சூடோ எண்டு உதட்டிலை வைச்சுப் பார்த்தன். துடைச்சனான். உடனே துடைச்சனான். கோழி சூப்."

"பாத்தியளோ?" என்று பிரமீளா பொதுவாகச் சொன்னார்.

லெச்சுமனென் ஐயரிடமிருந்து செம்பை வாங்கிக்கொண்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "நான் என்ன செய்ய, சரோஜா? கேட்டது நாங்கள். முருகன் பதில் சொல்லிப்போட்டார்," என்றார். மகளின் பேப்பர்களில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

பிறகு மண்டபத்தில் சாப்பாடு. காவடி முடிந்தால் வாழையிலையில் ஏழு கறி போடுவது அவர்கள் வழக்கம். பூசணி, பயிற்றங்காய், பிலாக்காய், கீரை, ரசம். சரோஜா வரிசையின் முடிவில் இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. பிறகு அதற்குப் பக்கத்ததும் காலியானது. யாரும் அவரைத் திட்டவில்லை. பரிமாறியவர்கள் அவருடைய இலைக்கு ஐந்து கறி போட்டார்கள், இரண்டை மறந்துவிட்டார்கள். நான் அவரிலிருந்து தூரத்தில் இருந்து ஏழையும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த நாள் வேலையில் ஞானம் அண்ணையிடம் மட்டும் சொன்னேன். மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீ வாயைத் திறந்தாய் எண்டால் அண்டைக்கே உன்ரை பெட்டி ரோட்டிலை. கோழி திண்ட கையாலை சாமிச் செம்பைத் தொட்டனி. வைச்சிருப்பினமோ?"

"அந்த மனிசியின்ரை பிள்ளை, அண்ணை."

"பிள்ளை உயிரோடைதானே இருக்கு? பெரியம்மா வீட்டிலை தின்னுது, பள்ளிக்கூடம் போகுது. அவவுக்கு ஏலாதெண்டால் பிளேன் ஏறி வீட்டை போகலாம். அங்கை குண்டு விழேல்லை. உன்னாலை போக ஏலுமோ?"

"ஏலாது."

"ஓம். அப்ப மொப்பை எடு."

அவர் சொன்ன நியாயத்தில் ஓட்டை இருக்கவில்லை. நான் நிறைய நாடுகளில் படுத்து எழும்பியவன். மொஸ்கோவில் ஒரு அறையில் பதினேழு பேர். உக்ரேன் எல்லையில் லொறிக்குள் எங்களோடு வந்த ஒருவன் மூச்சு முட்டியபோது, சத்தம் வரக்கூடாது என்று அவன் வாயைப் பொத்தியவர்களில் நானும் ஒருவன். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பொத்தும்போது அது எங்களுக்குத் தெரியாது. அப்படி வந்தவனுக்குப் பேசாமல் இருப்பது புதிதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மேளம் அடித்தார்கள், சரோஜா ஆடவில்லை. சமையலறையில் அவருடைய கோப்பை தனியாக ஒரு மூலைக்குப் போனது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. ஞாயிறுகளில் ஹோலில் நின்று போன் கார்டைச் சுரண்டி மகளுடன் பேசுவார். கிரியோல் எனக்கு அவ்வளவு விளங்காது. "மோ ஃபோட்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் கேட்கும். என் பிழை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் பிழை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் திரும்பிப் போனார். பெட்டியை ஸ்டேஷனுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பிளாட்போமில் ட்ரெயினுக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஆறு நிமிடம் போதும் என்று நினைத்தேன். அவர் போகிறார், இனி அவருக்குச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை.

"அக்கா, அந்தச் செம்பு..."

"செம்பைப் பற்றிக் கதைக்காதை, தம்பி," என்றார். "பிரமீளா அக்கா தன்ரை கையாலை துலக்கித் தந்தவ. அதை நினைச்சாத்தான் எனக்குக் கூட வெக்கம். அந்த வீட்டிலை எனக்கு ஆரோ ஒரு நன்மை செய்ய நினைச்சினம். நான் கெடுத்துப்போட்டன்."

ட்ரெயின் வந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். கதவு மூடுவதற்கு முன் கைப்பையில் இருந்து ஒரு பார்சலை எடுத்து என் கையில் திணித்தார். மஞ்சள் யன்னல் சீலை, மீன் போட்டது. "உன்ரை அறைக்குப் போடு. வெளிச்சத்துக்கு வடிவாயிருக்கும்."

போட்டேன். வடிவாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் மறுபடி கொடி ஏறியது. அந்த முறை கோழிக்கறியை நானே முதல் நாள் தின்று முடித்திருந்தேன். பூசத்துக்கு முதல் நாள் மதியம் சமையலறையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றபோது, பிரமீளா தன் செம்பையும் பொலிஷ் போத்தலையும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"துலக்கித் தா, தம்பி. உனக்கு நல்லாத் துலக்க வரும்." போத்தலை என் பக்கம் தள்ளினார். "இந்த முறை புளி வேண்டாம்."

அடுப்பில் கேத்தில் கொதித்து நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கரட் சீவிக்கொண்டிருந்தார்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. சிங்கிலை புளி நார் கிடந்தது." கரட்டைத் திருப்பினார். "பால் ஊத்தக்கை எனக்குத் தெரியாது என்ன ஆகுமெண்டு. ஐயர் ஊத்தின பிறகு தெரியும், புளிதான் எண்டு." அடுத்த கரட்டை எடுத்தபடி, "அறை இன்னும் உனக்குத்தானே, தம்பி," என்றார்.

துலக்கினேன். ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விரலை விட்டு நக்கிப் பார்த்தேன்.

மறுநாள் அவருக்குப் பின்னால் கோயில் வரை நடந்தேன். வாசலில் இரண்டு வரிசை. ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், பட்டும் கமராவுமாக. மற்றப் பக்கம் ரோசா நிறத்தில் தீவுக்காரர், நாக்கில் வேலும் முதுகில் தேசிக்காயுமாக. "தம்பி, தமிழ் ஆக்கள் இங்காலை வாங்கோ," என்று பட்டு வேட்டிக்காரர் ஒருவர் கையைக் காட்டினார். மற்றப் பக்கமிருந்து லெச்சுமனென் "தம்பி!" என்று கூப்பிட்டார், அவர் வாயில் அந்தச் சொல் பிரெஞ்சுப் பெயர் போல ஒலிக்கும். நான் இரண்டுக்கும் நடுவில், சப்பாத்துகள் குவிந்து கிடந்த இடத்தில், என் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன்.

ஐயர் இலையை அவிழ்த்துச் செம்பைச் சரித்தார். பால் ஒரு கட்டியில்லாமல், வெள்ளைவெளேரென்று வேலில் வழிந்து இறங்கியது. இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தினார்கள்.